தனிமை கேட்டவன்

பெரியபுராணத்தில் முத்தநாதன் அரண்மனைக்குள் நுழைகிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருளாரோடு போரிட்டுப் போரிட்டுத் தோற்றவன் அவன். வாளால் முடியாததை வேடத்தால் முடித்துக்கொள்ளலாம் என்று கண்டுகொண்டான். உடம்பெல்லாம் திருநீறு, தலையில் சடைமுடி, கையில் ஏட்டுக்கட்டு, கட்டுக்குள்ளே கத்தி. திருநீறு பூசி வருகிறவர் யாராக இருந்தாலும் மெய்ப்பொருளார் சிவனாகவே பார்ப்பார் என்பது திருக்கோவலூருக்கே தெரிந்த சேதி. எதிரிக்கும் அது தெரிந்திருந்தது. வாசல் வாசலாகக் காவலர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாசலில் மட்டும் தத்தன் என்கிற காவலன் நிறுத்தினான். அரசர் உறங்குகிறார், நேரமறிந்து போங்கள் என்றான். வந்தவன் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றான். அரசர் மகிழ்ந்துபோய்ச் சொல்லும்படி கேட்டார். நீயும் நானும் மட்டும் இருக்கும் இடமாக வேண்டும் என்றான். அரசியை அரசரே உள்ளே அனுப்பினார். வந்தவனை ஆசனத்தில் இருத்தி, தான் தரையில் அமர்ந்து தலைதாழ்த்தினார். ஏட்டுக்கட்டு அவிழ்ந்தது.

எனக்குத் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் செல்போன் கடை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ் என்று பகல் போகும். அப்பா இருந்தவரை மார்கழியில் கோயில் மண்டபத்தில் பெரியபுராணம் படித்துப் பொருள் சொல்லுவார். அவருக்குப் பின் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய குரல் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் விடியற்காலையில் மண்டபத்தில் படிப்பதும் பகலில் கடையில் பார்ப்பதும் ஒன்றோடொன்று உரசுகிற அனுபவம் அப்பாவுக்கு வாய்க்காதது.

மெய்ப்பொருளார் கதையை முடித்த ஒரு காலையில், பொங்கலுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்பதாவது படிக்கிற பெண் கேட்டாள்: "அப்ப அந்த ராஜா ஏமாந்தவர்தானே அண்ணா? ஏமாந்தவருக்கு எதுக்கு சாமி காட்சி குடுத்தாரு?" பெரியவர்கள் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மண்டபத்துக்குத் தவறாமல் வருவார். எங்களுக்கெல்லாம் அவர் ‘ஐயா’தான். "அது ஏமாந்தது இல்ல கண்ணு, பக்தி" என்றார். அவள் விடவில்லை. "ஸ்கூல்ல தெரியாதவங்ககிட்டப் பேசவே கூடாதுன்னு சொல்றாங்க. நீங்க, தெரியாதவன் கால்ல விழுந்து செத்துப்போனவரைக் கும்பிடச் சொல்றீங்க."

பிள்ளைகளை இணையத்து மோசடிக்காரர்களிடமிருந்தும் முகம் தெரியாதவர்களிடமிருந்தும் காப்பது எப்படி என்று பள்ளியில் கூட்டம் போடுகிறார்கள், காவல்துறையினர் வந்து பேசுகிறார்கள், துண்டறிக்கை தருகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண் கேட்டது அதற்கு முந்திய கேள்வி. அந்நியரை நம்புவது அறமா, நம்பாமல் இருப்பது அறமா? கோயில் ஒன்று சொல்கிறது, பள்ளிக்கூடம் ஒன்று சொல்கிறது. நடுவில் நிற்கிற பதினான்கு வயசுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

எங்கள் ஊரில் இருந்துகொண்டு ‘அந்நியரை நம்பாதே’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பாப்பாரப்பட்டியின் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதற்குக் காரணமே, வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதர்தான். சுப்பிரமணிய சிவா 1884ல் பிறந்தது வத்தலக்குண்டில். வ.உ.சி.யோடு 1908ல் சிறைக்குப் போனவர், 1912ல் வெளியே வரும்போது தொழுநோயோடு வந்தார். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். உடம்பெல்லாம் புண்ணோடு ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் போய்ப் பேசியவர். காவி உடுத்திய அந்த மனிதருக்குப் பாப்பாரப்பட்டி இடம் கொடுத்தது. இங்கே ஆசிரமம் வைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டுமென்று 1923ல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் தேதி இந்த ஊரிலேயே இறந்தார். இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, பாரத மாதாவுக்கு நினைவாலயமும் இருக்கிறது. நினைவு நாளில் மாலை போட வருகிறவர்கள் மேடையில் தேசபக்தியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். எனக்கு அவரைவிட, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று உலகமே ஒதுங்கிய ஒருவரைப் பார்த்துக் கதவை அடைக்காத இந்த ஊர்க்காரர்கள்தான் பெரிதாகத் தெரிவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ‘புதிதாக வருகிறவன் ஆபத்து’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் சிவா எந்த மரத்தடியில் கிடந்திருப்பாரோ.

ஆக, ‘தெரியாதவர்’ என்ற அடையாளத்தை வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு, அது பிள்ளைகளின் பக்கத்திலிருந்து வருவது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீடுகளில் அப்பா அம்மா இருவருமே பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். மானாவாரி நிலம், மழை பெய்தால் ராகி, துவரை, பொய்த்தால் ஓசூர் பஸ். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது ஆயா கையில் ஒரு ஸ்மார்ட்போன். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வருவாள். சாப்பிட்டியா, படிச்சியா, தலையைக் காட்டு எண்ணெய் வெச்சியா என்பாள். அந்தப் பிள்ளைக்கு அம்மா என்பவளே கண்ணாடிக்குள் இருக்கிற முகமும் குரலும்தான். அவனிடம் போய், திரைக்குள் இருக்கிறவர்கள் நிஜமில்லை, அவர்கள் அன்பை நம்பாதே என்று சொன்னால் எப்படி நம்புவான்? அவன் அறிந்த மிகப் பெரிய அன்பு அந்த வழியாகத்தான் வருகிறது. அதே வழியில் எட்டரை மணிக்கு இன்னொருவன் வந்து, "தம்பி சாப்டியா" என்று கேட்கிறான்.

இப்படிக் கேட்ட ஒருவனைப் பற்றி ஒரு பையன் என் கடையில் சொன்னான். பத்தாம் வகுப்பு. ஆயாவின் போனைக் கொண்டுவந்து, ஒரு செயலியை அழிக்க முடியவில்லை அண்ணா என்றான். அது கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலா என்று பார்த்தேன். அந்த வகைதான் அப்போது நிறைய வந்துகொண்டிருந்தது. தொட்டால் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு வருகிற ஓடிபி எல்லாவற்றையும் படித்து வெளியே அனுப்பும். இது அது இல்லை. போனின் திரையை வேறொருவன் தன் இடத்திலிருந்து பார்க்க உதவுகிற செயலி. யார் போடச் சொன்னது என்று கேட்டேன். பையன் வாயைத் திறக்கவில்லை. கண் கலங்கியது. "சொல்லக் கூடாதுண்ணா. அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கூடச் சேர்ந்து ஆடிய ஒருவன். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். சேலம் பக்கம் கல்லூரியில் படிப்பதாகச் சொன்னானாம். ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்களைத் தன் காசில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது தினமும் விசாரித்திருக்கிறான். பிறகு, உனக்கு ஒரு வேலை தருகிறேன், உன் வீட்டு வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை நான் சொல்கிற எண்ணுக்கு அனுப்பினால் போதும், உனக்குப் பங்கு உண்டு, ஆனால் யாருக்கும் சொல்லாதே என்று அம்மா மேல் சத்தியம் வாங்கிவிட்டான். ஆயாவின் கணக்கு அது, நூறு நாள் வேலைக் கூலி வருகிற கணக்கு. யாரிடமோ திருடிய பணம் அதன் வழியாகப் போயிருக்கிறது. வங்கி கணக்கை முடக்கிய பிறகுதான் பையனுக்குப் பயம் வந்திருக்கிறது. அப்போதும் அவன் பயந்தது போலீசுக்கு இல்லை. "நான் சொன்னா அம்மா சாரத்துல இருந்து விழுந்துடும்ணா" என்றான். அவள் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடியில் சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

இணையப் பாதுகாப்பு பற்றிய எந்தத் துண்டறிக்கையிலும் இதற்குப் பதில் கிடையாது. சத்தியத்தை மீறினால் பாவமா என்பது சமயக் கேள்வி. அந்தப் பையன் அதைத்தான் கேட்டான். நான் அவனுக்கு ராமானுஜர் கதையைச் சொன்னேன். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து மந்திரத்தைப் பெற்றவர், நேராகக் கோயில் மேலே ஏறி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வாக்கை மீறினாயே, நரகம்தான் என்று குரு கோபித்தபோது, இத்தனை பேர் பிழைப்பார்களென்றால் எனக்கு நரகமே வரட்டும் என்றார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. குருவே கட்டிக்கொண்டாராம். நாங்கள் சைவர்கள், ஆனாலும் அந்த நேரத்துக்கு அந்தக் கதைதான் கைகொடுத்தது. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போது, யாருக்கும் தீங்கில்லாத சொல்லைத்தான் வாய்மை என்கிறார். தீங்கை மறைப்பதற்காக வாங்கிய வாக்கு அந்த வரையறைக்குள்ளேயே வராது. "வாங்குனவன் கள்ளன்னா சத்தியம் அவனையே போய்ச் சேரும், சாமி. உங்க அம்மாவத் தொடாது" என்றேன். இது சாஸ்திரமா என்று ஐயா பிறகு கேட்டார். தெரியாது ஐயா, ஆனால் பையன் அழுகையை நிறுத்திவிட்டுப் பேசினான் என்றேன்.

அன்று சாயங்காலமே அவனுடைய மாமாவை வரவழைத்து 1930க்குப் பேசினோம். பணமோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது கைமாறி வெளியேறுவதற்குள் போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் கைக்கு எட்டாது. பையனுடைய அரட்டை எதையும் அழிக்க விடவில்லை. வெட்கத்தில் முதலில் அழிக்கத்தான் தோன்றும். ஆனால் அதுதான் சாட்சி.

நான் கவனித்தது வேறு. அந்தப் பையனிடம் பேராசை இருந்தது என்று மாமா திட்டிக்கொண்டே இருந்தார். யோசித்துப் பாருங்கள். விளையாட்டில் பொருள் வாங்கிக் கொடுத்தவனுக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்று நினைத்தான். அதன் பெயர் நன்றி. காய்ச்சலில் விசாரித்தவனை அண்ணன் என்று நம்பினான். அதன் பெயர் பாசம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்கினான். இதில் எது கெட்ட குணம்? நாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த நல்ல குணங்கள்தான் ஒவ்வொன்றும். ஏமாற்றுக்காரன் அவற்றையே பிடித்து ஏறி வந்திருக்கிறான். முத்தநாதனும் அதைத்தான் செய்தான். மெய்ப்பொருளாரிடம் கோழைத்தனமோ ஆசையோ இருந்திருந்தால் அதன் வழியாக வந்திருப்பான். இருந்தது பக்தி, அதன் வழியாக வந்தான். பிறகு, ஏமாந்த பிள்ளையைப் பார்த்து ‘உனக்குப் புத்தி எங்கே போச்சு’ என்று கேட்கிறோம். புத்தி எங்கேயும் போகவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தான், அவ்வளவுதான்.

கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன்கள்தான் இந்தப் பக்கம் பிள்ளைகள் கையில் முதலில் வந்தவை. 2021 ஜூன் 18ஆம் தேதி, யூடியூபில் பப்ஜி ஆடிக் காட்டிக்கொண்டிருந்த மதன் என்பவரைச் சென்னைப் போலீசார் தர்மபுரியில் வைத்துக் கைது செய்தபோது எங்கள் ஊரே வாயைப் பிளந்தது. பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசியது, ஏழைகளுக்கு உதவி என்று சொல்லிப் பணம் வாங்கியது என்பவை அவர் மேல் வந்த புகார்கள். வழக்கின் கதி ஒருபக்கம் இருக்கட்டும். என்னை உலுக்கியது கடைக்கு வந்த பையன்களின் முகம். அவரைப் பின்தொடர்ந்த லட்சக்கணக்கானவர்களில் எங்கள் தெருப் பையன்களும் இருந்தார்கள் என்பது அன்றுதான் பெற்றவர்களுக்குத் தெரிந்தது. "அவரு ஏழைங்களுக்கு எவ்ளோ செஞ்சாரு தெரியுமா" என்று ஒருவன் என்னோடு சண்டைக்கே வந்தான். அவனுக்கும் கருணைதான் தூண்டில். எங்கேயோ இருந்த ஒருவர் அந்தப் பிள்ளைகளின் காதுக்குள் எத்தனை மாதம் பேசிக்கொண்டிருந்தார், பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஆயாவுக்குத் தெரியாமல்.

அந்நியம் என்பதில் ஆபத்தின் அடையாளம் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது? எனக்கு மெய்ப்பொருளார் கதை திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது. அரசியை அங்கிருந்து அனுப்புகிற இடம். சிவா பாப்பாரப்பட்டிக்கு வந்தது எல்லார் கண்ணுக்கும் முன்னால். தன் நோயை மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. அவரைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முத்தநாதனுக்கு மட்டும்தான் தனிமை தேவைப்பட்டது. அரசி அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஏட்டுக்கட்டு அவிழ்ந்திருக்காது. மண்டபத்துப் பிள்ளைகளிடம் இதைத்தான் இப்போது சொல்லி வருகிறேன்: புதுசாக வருகிறவர்களோடு பேசு, விளையாடு. ஆனால் எவன் ‘அம்மாவுக்குச் சொல்லாதே’ என்கிறானோ, எவன் எல்லாரும் இருக்கிற இடத்திலிருந்து வேறு செயலிக்கு வா என்று கூப்பிடுகிறானோ, எவன் ‘உடனே செய், யோசிக்காதே’ என்று அவசரப்படுத்துகிறானோ, அவன் கையில் ஏட்டுக்கட்டு இருக்கிறது.

ஐயா இதற்கு ஒரு மறுப்பு வைத்தார். சைவத்தில் உபதேசமே தனிமையில் காதுக்குள் சொல்வதுதானே, தனிமை கேட்பதே தப்பென்றால் குருவுக்கு எங்கே இடம் என்றார். நியாயமான மறுப்பு. முத்தநாதன் அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் அதன் மறைவில் ஒளிந்தான். எனக்குத் தோன்றியது இதுதான்: தீட்சை கொடுப்பது தனிமையில் என்றாலும், இன்னாரிடம் இன்ன நாளில் தீட்சை வாங்கப் போகிறேன் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மந்திரம் மறைவு, குரு மறைவில்லை. ஐயா தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

தத்தனைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. எல்லாரும் வேடத்தைக் கும்பிட்டபோது, ‘நேரம் சரியில்லை’ என்று ஒரு சின்னத் தடையைப் போட்டவன் அவன் ஒருவன்தான். அவன் வந்தவனை அவமதிக்கவில்லை, அரசரின் பக்தியைக் கேலி செய்யவில்லை. நிறுத்தினான், காரணம் சொன்னான். வீட்டில் இப்படி ஒருவர் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் தம்மைத் தத்தனாக நினைத்துக்கொள்கிறவர்கள் செய்வது என்ன? விஷயம் தெரிந்ததும் முதல் அறை பிள்ளைக்கு. அடுத்தது போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டுவது. பெண்பிள்ளையாக இருந்தால் மூன்றாவதும் ஒன்று உண்டு. படிப்பை நிறுத்தி, வருகிற தை மாதத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது. எங்கள் மாவட்டத்தில் பதினெட்டு வயது ஆவதற்குள் நடக்கிற கல்யாணங்களை நிறுத்த அதிகாரிகள் ஓடிக்கொண்டே இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். படத்தை வெளியில் விடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவனுடைய பலம் முழுக்க அந்தப் படத்தில் இல்லை. படம் தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. பொள்ளாச்சியில் 2019ல் வெளியே வந்த பாலியல் கொடுமை அவ்வளவு காலம் உள்ளே இருந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது; அதற்குள் ஆறு ஆண்டு போயிருந்தது.

பிள்ளையை அடிக்க ஓங்கிய கையோடு என் கடைக்கு வருகிற பெற்றோரிடம் நான் சொல்வது சில விஷயங்கள்தான். மிரட்டுகிறவனுக்குக் காசு அனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுபடியும் கேட்பான். 1098க்குப் பேசலாம், குழந்தைகளுக்கான எண், ராப்பகல் எப்போதும் எடுப்பார்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே எடுத்த அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்று இலவச வசதி இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாகி அதுமட்டும்தான் போகும். இதில் சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடி எடுத்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெண்பிள்ளையோடு நிற்க வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு, போக்சோ சட்டம் 2012லேயே அதற்கு வழி சொல்லியிருக்கிறது என்று விளக்குவேன். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம். வருகிற அதிகாரி சீருடையில் வரக்கூடாது. கூடியவரை பெண் அதிகாரிதான் வர வேண்டும். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகை வெளியிடக்கூடாது. இதைக் கேட்கும்போது அம்மாக்களின் தோள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சீருடை என்றதும் இன்னொன்று. திருநீற்றுக்கு இருந்த மரியாதை இன்று காக்கிக்கு வந்திருக்கிறது. வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் ஒருவன், பின்னால் கொடி, மேசை, முத்திரை. உன்னை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறேன், கேமரா முன்னாலிருந்து நகராதே, யாரிடமும் பேசாதே என்பான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று. படித்த பெரியவர்களே கோடிகளை இழக்கிறார்கள். அங்கேயும் கேட்பது அதே தனிமைதான்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். மெய்ப்பொருளார் ஏமாந்தவரா?

குத்துப்பட்ட பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். ஓடிவந்து வாளை ஓங்கிய தத்தனைத் தடுத்தார். இவர் நம்மவர் என்றார். கொதித்து எழுந்த ஊர்மக்களுக்கு நடுவே அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார். விட்டுவிட்டேன் என்று தத்தன் வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தியைப் பார்த்த பிறகும் வேடத்தை மதித்தவரை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தே கொடுத்தார். ஆனால் கொடுத்தது தன் உயிரை. ஆண்டு அனுபவித்த அரசர், விலை தெரிந்து கொடுத்தார். பதினான்கு வயசுக்கு அந்த விலை தெரியாது. விலை தெரியாதவரிடமிருந்து எடுத்துக்கொள்வது காணிக்கை ஆகாது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன்: கும்பிடு, ஆனால் அவரைப்போல நடக்க உனக்கு இன்னும் வயசு ஆகவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, அந்த மன்னிப்பை வேறு சிலர் கடன் வாங்கும்போது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளையை இன்ஸ்டாகிராமில் பழகி மிரட்டியவன் யாரென்று பார்த்தால், தூரத்து ஆள்கூட இல்லை, இரண்டு ஊர் தள்ளி இருக்கிற பையன். பெரிய மனிதர்கள் கூடினார்கள். பையன் வாழ்க்கை வீணாகிவிடும், காலில் விழ வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அதில் ஒருவர், மார்கழியில் என் முன்னால் உட்கார்ந்து கேட்பவர், "மெய்ப்பொருள் நாயனார் கொன்னவனையே மன்னிச்சாருப்பா" என்று எனக்கே எடுத்துக் காட்டினார். நாயனார் மன்னித்தது தன் மேல் விழுந்த குத்தை. அரசியின் மேல் விழுந்திருந்தால் அவர் மன்னித்திருப்பார் என்று பெரியபுராணம் பாடிய சேக்கிழார் எங்கேயும் சொல்லவில்லை. நீங்கள் மன்னிப்பது அந்தப் பிள்ளையின் காயத்தை. அது உங்களுடையது இல்லை என்றேன். போக்சோ வழக்கு பேசி முடிக்கிற வழக்கும் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

ஐயா அந்தக் கூட்டத்தில் என் பக்கம் நின்றார். வெளியே வந்ததும், "அந்தப் பையனும் யாருக்கோ பிள்ளைதான்" என்றார். அதையும் நான் மறுக்கவில்லை. 2022ல் மியான்மரிலிருந்து மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்த தமிழ் இளைஞர்களும் கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள்தான். அங்கே அடைத்துவைத்து, அடித்து, ஊரை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைத்தார்கள். நம் போனில் ‘ஹாய்’ அனுப்புகிற விரலுக்குப் பின்னால் ஓர் அடிமை இருக்கக்கூடும். முத்தநாதன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆனான் என்று எனக்கும் யோசனை வரும். ஆனால் அவனைப் பற்றி யோசிப்பது, அரசியைக் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

புகார் போனது. சீருடை இல்லாமல் ஒரு பெண் அதிகாரி அந்த வீட்டுக்கு வந்து, திண்ணையில் ஆயாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிறகுதான் பிள்ளையிடம் பேசினார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இங்கே வராது. அந்தப் பிள்ளை எந்த ஊர், என்ன படிக்கிறது, வழக்கு என்ன ஆயிற்று என்று கடைக்கு வருகிறவர்கள் இன்னும் துருவுகிறார்கள். ரீசார்ஜ் எவ்வளவுக்கு என்று மட்டும் கேட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.